அவைக்குறிப்பில் என் அக்கா

ஒன்றிய அரசில் இணையமைச்சராக இருந்து பதவி நீங்கிய என் வகுப்புத் தோழன், நாடாளுமன்ற விவாதங்களில் தான் பேசியவற்றைத் தமிழில் ஒரு நூலாக்க விரும்பினான். அவைக்குறிப்புகளின் அச்சுப்படிகளைப் பெரிய அட்டைப்பெட்டியொன்றில் இட்டுத் தென்காசிக்கு அனுப்பிவைத்தான். அவற்றைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பது என் பொறுப்பு. அந்நூல் அவனுக்கு எதற்காக வேண்டியிருந்தது என்பதை ஊரே அறியும். டெல்லிக்குப் போன அவன் வாயே திறக்கவில்லை என்று கடைத்தெரு தீர்ப்பெழுதியிருந்தது. தேநீர்க் கடைக்காரர் என்னைக் கண்டாலே தொடங்கிவிடுவார்.

"அண்ணாச்சி, ஒங்க சேக்காளி அங்கன வாயத் தொறந்ததே இல்லியாமே?"

"தொறந்திருப்பாவ," என்பார் நாளிதழை விரித்து அமர்ந்திருக்கும் வேறொருவர். "மனுசனுக்குக் கொட்டாவி வராமலா இருக்கும்?"

நான் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டதில்லை. ஆனால் அதைக் கேட்பதற்காகவே, வீட்டில் தேநீர் குடித்த பிறகும் அக்கடைக்குப் போனேன்.

பள்ளியில் பேச்சுப்போட்டி என்றால் முதற்பரிசு எனக்குத்தான். மனப்பாடம் செய்ததை மறந்துவிட்டு அவன் மேடையில் நின்று சிரிப்பான்; எதிரே இருப்பவர்களும் அவனோடு சேர்ந்து சிரிப்பார்கள். பரிசு பெற்ற நான் தமிழாசிரியன் ஆனேன். என் குரல் எட்டிய மிகப் பெரிய அவை, பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டம். அவனோ நாட்டின் சட்டம் இயற்றும் அவையில் எழுந்து நின்றான். இதை நினைக்கும்போதெல்லாம், நன்றாகக் கட்டப்பட்ட என் வாக்கியங்கள் மீதே எனக்குச் சினம் வரும்.

ஆகவே பெட்டியைத் திறந்த முதல் வாரம் எனக்கு இனிமையாகக் கழிந்தது. மூத்த அமைச்சர் வராத நாளில் அவருக்காக எழுந்து நிற்பதே இணையமைச்சரின் வேலை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. 'இவ்வறிக்கையை அவையின் மேசைமீது வைக்கிறேன்.' 'மாண்புமிகு உறுப்பினரின் கவலை அரசின் கவனத்தில் உள்ளது.' எல்லாம் அதிகாரிகள் எழுதித் தந்தவை. அவற்றின் வறட்சியில் சிறிதும் குறைந்துவிடாதபடி மிகுந்த கவனத்தோடு மொழிபெயர்த்தேன்.

இரண்டாம் வாரத்தில் ஒரு கேள்விநேரப் பதில் வந்தது. பீடி சுற்றும் பெண்களின் விரல்ரேகை தேய்ந்துபோவதால் ரேஷன் கடைக் கருவி அவர்களை ஏற்க மறுக்கிறது, அரசு என்ன செய்கிறது என்று ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். அத்தகைய புகார் ஏதும் வரவில்லை என்பது அதிகாரிகள் தந்த விடை. அதைப் படித்த பிறகும் என் தோழன் உட்காரவில்லை.

"இப்படித்தான் எழுதித் தந்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பெண்மணி இருக்கிறார். சிறுவயது முதல் பீடி சுற்றுகிறார். கட்டைவிரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து நான்கு முறை வைத்தார். கருவி அவரை ஏற்கவில்லை. வெறும் பையோடு வீட்டுக்கு வந்து, 'நான் இல்லையாம்' என்றார்."

அடுத்து, 'குறுக்கீடு' என்று அடைப்புக்குறிக்குள் இருந்தது. அமைச்சருக்கு இது எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"அவருடைய தம்பி என்னோடு படித்தவர். அவர் சொன்னார். நான் படித்த விடை தவறு. திருத்தித் தருகிறேன்."

திருத்தியும் தந்திருக்கிறான். அடுத்த கூட்டத்தொடரில் அத்திருத்தத்தை மேசைமீது வைத்ததாக இன்னொரு தாள் சொன்னது.

அப்பெண்மணி என் அக்கா. ஒரு சாரல் பருவத்தில் ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு நின்றபடி நான்தான் அவனிடம் இதைச் சொன்னேன். 'உழைப்பு உண்டுவிட்ட அடையாளம்' என்றெல்லாம் விரித்துரைத்தேன். அவன் இடைமறித்து, "எத்தன தரம் வச்சாவ? எதுல தொடச்சாவ? வீட்டுக்கு வந்து என்ன சொன்னாவ?" என்று கேட்டான். அக்கேள்விகள் எனக்குக் கொச்சையாகப் பட்டன. அந்நிகழ்ச்சியைக் கட்டுரையாக்க எண்ணி நான் எழுதிப்பார்த்த தொடக்கங்கள் மட்டும் பதினொன்று. அவன் ஒரு மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். களவு என்று குற்றஞ்சாட்டவும் இடமில்லை. என்னைச் சான்றாகக் காட்டியிருந்தான்.

முதலில் அப்பதிலை அழகுபடுத்த முயன்றேன். நான் சேர்த்த ஒவ்வோர் அடைமொழியும் அக்காவைச் சற்றே தள்ளி நிறுத்தியது. பிறகு, 'வினாவிடைகள் நீங்கலாக, முழுமையான உரைகள் மட்டுமே இந்நூலில் இடம்பெறுகின்றன' என்று முன்னுரையில் ஒரு விதியை எழுதினேன். அந்த ஒரு பக்கத்தை நீக்குவதற்காகவே செய்த விதி. அதனால் வேறு சில பக்கங்களும் போயின. அவற்றைப் பற்றி யாருக்கும் கவலையிருக்காது.

கையெழுத்துப்படியைப் படித்துவிட்டு அவன் தொலைபேசியில் அழைத்தான்.

"ஏலே, அக்கா விசயத்த எடுத்துட்டியோ?"

நான் விதியை விளக்க வாயெடுப்பதற்குள் அவனே தொடர்ந்தான். "அக்காவுக்குச் சங்கடமா இருக்கும்னு எடுத்திருப்ப. எனக்கு இது தோணவே இல்ல பாத்தியா. விட்டுருலே, நீ செஞ்சதுதான் சரி."

"ஆமா," என்றேன்.

"ஆனா அது இல்லாட்டி, நான் பேசினேன்னு காட்ட அதுல என்னலே இருக்கு? எல்லாம் எவனோ எழுதிக் குடுத்ததுல்லா." சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

என்னை நல்லவனாகவே எண்ணிக்கொண்ட அவன் மனத்தின் மீதும் எனக்குப் பொறாமை வந்தது. சொன்ன பொய்யையாவது மெய்யாக்கிவிடலாம் என்று மறுநாள் காலை அக்கா வசிக்கும் கடையத்துக்குப் பேருந்து ஏறினேன். அக்கா மடியில் முறம்போன்ற சுளவை வைத்துப் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒன்னப் பத்தி அவன் டெல்லியில பேசுனத புஸ்தகத்துல போடணுமாம். ஒனக்குச் சங்கடம்னா வேண்டாம்னு சொல்லிருதேன்க்கா."

"டெல்லியிலயா சொன்னான்? மந்திரிமாரெல்லாம் இருக்கையிலயா?"

"ஆமா."

"அங்கன சொன்னத இங்கன சொல்லுததுக்கு என்னலே சங்கடம்? நம்ம ரேசன் கடைக்காரனும் படிக்கட்டும். எம் பேரையும் சேத்துப் போடச் சொல்லு."

"பேரு எதுக்குக்கா?"

"மிஷினுக்குத்தான் என்னத் தெரியல. எனக்குப் பேருமா இல்லாமப் போச்சு?"

தென்காசிக்குத் திரும்பியதும் முன்னுரையிலிருந்த விதியை அடித்தேன். அப்பதிலைக் குறுக்கீட்டோடும் திருத்தத்தோடும், அவன் சொன்ன வரிசையிலேயே மொழிபெயர்த்துச் சேர்த்தேன். அக்காவின் பெயர் ஓர் அடிக்குறிப்பாக வந்தது. அவள் சம்மதித்துவிட்டாள் என்று அவனிடம் சொன்னேன். நான் ஏன் நீக்கினேன் என்பதைச் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை.

நூலைக் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் வெளியிட்டார்கள். பேச வந்த நால்வரும் அந்த ஒரு பக்கத்தையே எடுத்துப் படித்தார்கள். தேநீர்க் கடையின் கொட்டாவிக்காரர் முன்வரிசையில் இருந்தார். நூலில் இரண்டு படி வாங்கினார். என் மொழிநடையை ஒருவர் பாராட்டினார். எந்த வாக்கியத்தை என்று அவர் சொல்லவில்லை. தோழன் மேடையிலிருந்து இறங்கிவந்து அக்காவைக் கும்பிட்டான். அவள் அவன் தோளில் தட்டி, "நல்லாச் சொல்லியிருக்கலே," என்றாள். என் எழுத்தைப் பற்றி அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அவளைக் கடையத்தில் கொண்டுவிடப் பேருந்தில் போனேன். சன்னலோரத்தில் அமர்ந்து, மடியில் இருந்த நூலின் அட்டையைச் சேலையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இது நம்ம வீட்டு விசயம்லா?" என்றாள்.

"ஆமா."

"அவனுக்கு நீ சொல்லித்தான தெரியும்? ஒனக்கு இத்தன தமிழ் தெரியுது. நீ ஏன்லே எழுதல?"

"எழுதிக்கிட்டுதான்க்கா இருக்கேன்."

"எத்தன வருசமா?"

சாரல் உள்ளே அடிக்கிறது என்று சொல்லி, அவளைத் தாண்டிக் கைநீட்டிச் சன்னலை மூடினேன்.

"அடிச்சா அடிக்கட்டும்," என்றாள் அக்கா. "தொறலே, மூச்சு முட்டுது."