சம்பந்தி வைத்த கோட்டு

சயிராகானை யாராவது ‘கடைப் பைத்தியம்’ என்று என் காதுபடச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓஷ் நகரத்து டிராலி பஸ்ஸில் அவள் ஓட்டுநர், நான் நடத்துநர். நாள் முழுக்க அவள் வாங்கும் ஏச்சு எனக்குத்தான் தெரியும். மேலே கம்பி கழன்றாலும் அவள் தலைதான் உருளும், ஊரில் கரண்ட் போனாலும் அவள் தலைதான் உருளும். “ஏய், தூங்குறியா?” என்று மீசை முளைக்காத பயல்கூடக் கேட்பான்.

சம்பளத்தன்று மட்டும் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு நேராகப் பெரிய கடைக்குப் போவாள். சோவியத் காலத்து மூன்று மாடிக் கட்டடம். அங்கே இருப்பதெல்லாம் ஆற்றோரச் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும், யார் இல்லை என்றது? ஆனால் சந்தையில் ஒரு அட்டைத் துண்டின் மேல் நின்று, எவளோ பிடித்திருக்கும் போர்வைக்குப் பின்னால் துணி மாற்றிப் பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தால் வியாபாரி நம் ஏழு தலைமுறையையும் இழுப்பான். பெரிய கடையில் உட்கார நாற்காலி உண்டு, ஆளுயரக் கண்ணாடி உண்டு. இரண்டாம் மாடியில் ஃப்ளூரா என்று ஒரு விற்பனைக்காரி. இருக்கிற கோட்டையெல்லாம் எடுத்துப் போட்ட பிறகு வெறுங்கையோடு எழுந்தாலும், “பரவாயில்லீங்க, அடுத்த வாட்டி பாருங்க” என்பாள்.

“பரவாயில்லீங்கன்னாடி என்னைப் பாத்து!” என்று மறுநாள் வண்டியில் என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்வாள் சயிராகான். அந்த ‘ங்க’வுக்காகத்தான் போனாள். அது தப்பா?

மகள் நுர்ஜாத்துக்குக் கல்யாணம் ஆனது. எங்களில் சம்பந்திக்குச் சம்பந்தி உடுப்பு வைப்பதைக் கியித் என்போம். அது எந்தக் கடைப் பையில் வந்தது என்பதைத்தான் சனம் முதலில் பார்க்கும். மாப்பிள்ளையின் அம்மா கனிஷாய், பெரிய கடைப் பையிலிருந்து ஒரு நீலக் கோட்டை எடுத்து, எல்லார் முன்னாலும் சயிராகான் தோளில் போட்டாள். சயிராகானுக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டகையில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்தாள்.

கோட்டு கைப்பக்கம் இறுக்கியது. மாற்றி வாங்கலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஃப்ளூரா கோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அக்கா, இது நம்ம சரக்கு இல்லீங்க. பை மட்டும்தான் நம்மளது” என்றாள்.

அவள் குரலைத் தாழ்த்தி என்ன பயன்? பக்கத்தில் கண்ணாடி முன் நின்ற ஒரு மகராசி களுக்கென்று சிரித்தாள். “சந்தைச் சாமானை இங்க தள்ளிட்டுப் போகப் பாக்குறா. ஆளைப் பாரு!”

சயிராகான் கோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினாள். வேறெங்கே கேட்டிருந்தாலும் அவளைப் பிடித்து உலுக்கியிருப்பாள். அந்தக் கடையில் அவளால் முடியவில்லை. தெருவுக்கு வந்த பிறகுதான் வெடித்தாள்.

“வாடி கனிஷாய் வீட்டுக்கு! பொண்ணைக் குடுத்தேனா, குப்பையைக் குடுத்தேனா? இதை அவ மூஞ்சியிலேயே வீசுறேன்.”

“அக்கா, பொறு. உன் பொண்ணு அங்க வாழணும்.”

“வாழட்டும். மானத்தோட வாழட்டும்!”

கனிஷாய் வாசலிலேயே தட்டில் ரொட்டியை நீட்டி, “வாங்க சம்பந்தி, ஒரு வாய் பிட்டுப் போட்டுக்குங்க” என்றாள். சயிராகான் ரொட்டியைத் தொடவில்லை. இதைவிடப் பெரிய அவமானம் எங்களில் இல்லை. நேரே உள்ளே போய்ப் பையை மேசையில் போட்டு, “இது எங்க வாங்கினது?” என்றாள்.

“பெரிய கடையிலதான். உங்களுக்கு அதுதான் பிடிக்கும்னு சொல்லி, உங்க பொண்ணு கையிலேயே பணத்தைக் குடுத்து வாங்கிட்டு வரச் சொன்னேனே. ஏன் கேக்குறீங்க?”

தேநீர்க் கெண்டியோடு வந்த நுர்ஜாத் அப்படியே நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. மேசையில் அவளுடைய புது செல்போன் கிடந்தது. எனக்கு விளங்கிவிட்டது. அடிப்பாவி! பெற்றவள் கோட்டுக் காசில் கை வைத்திருக்கிறாள்.

கனிஷாயின் பார்வை மெல்ல மருமகள் பக்கம் திரும்பியது. “ஏன், இவ அங்க வாங்கலையா?”

சயிராகான் மகளைப் பார்த்தாள். பிறகு கை நீட்டி ரொட்டியில் ஒரு துண்டு பிட்டாள்.

“வாங்கினா சம்பந்தி, அங்கதான் வாங்கினா. கடைக்காரிங்கதான் மோசம். மாத்தித் தாங்கன்னா எங்க சரக்கே இல்லைன்னு சாதிக்கிறாளுங்க. ஏமாத்துக்காரக் கூட்டம்! இந்த ரொட்டி மேல சொல்றேன், இனி அந்தக் கடைப் படியை மிதிக்க மாட்டேன்.” துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

வாசல்வரை வந்த நுர்ஜாத், “ரெண்டும் ஒரே கோட்டுதாம்மா. அங்க பைக்குத்தான் காசு” என்று முணுமுணுத்தாள். எனக்கு அவளை ஓங்கி அறையலாம் போலிருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. சயிராகான், “உள்ள போ, உன் மாமியார் பாக்குறா” என்று மட்டும் சொன்னாள்.

ரொட்டி மேல் சொன்ன சொல்லை எங்களில் யாரும் மீறுவதில்லை. அவளும் மீறவில்லை.

போன வாரம் பெரிய கடை நிறுத்தத்தில் ஃப்ளூரா ஏறினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓட்டுநர் கதவருகே போய், “என்னங்க, ஆளையே காணோம்? உடம்பு சரியில்லையா? உங்களுக்குன்னே ஒரு நல்ல கோட்டு எடுத்து வெச்சிருக்கேங்க” என்றாள்.

சயிராகான் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வண்டி ஓட்டும்போது பேசாதே. தள்ளி நில்லு” என்றாள்.

ஃப்ளூரா முகம் சுண்டி, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள்.