எண்ணூர் சேற்றில் சிக்கிய மதியம்

கல்லூரியில் நிலவியல் படித்தபோது எங்களைக் களப்பயணமாக எண்ணூர் கழிமுகத்துக்கு அழைத்துப் போனார்கள். ஒரு குழு பாலத்தருகே கடற்காற்றின் வெப்பநிலையை அளந்துகொண்டிருந்தது. நானும் வியாசர்பாடியிலிருந்து வரும் என் தோழியும் மண் மாதிரி எடுக்க, நீர் வற்றிக் கிடந்த சேற்றில் இறங்கினோம். மேலே அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து தரைபோல இறுகியிருந்ததால், நான் பயமில்லாமல் முன்னால் நடந்தேன். திடீரென்று தொடைவரை உள்ளே போய்விட்டேன்.

ஒரு காலை இழுத்தால் மற்றது இன்னும் ஆழமாக இறங்கியது. நான் கத்தியது லாரிகளின் இரைச்சலில் பாலத்தருகே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அதற்குள் கடல் ஏறத் தொடங்கி, தண்ணீர் என்னைச் சுற்றி மெல்லப் பரவியது.

"ஆடாதடி! ஆடுனா இன்னும் உள்ள பூடுவ," என்றாள் தோழி.

"தண்ணி வருதுடி, எனக்குப் பயமா இருக்கு."

"நான் இங்கதான கீறேன். இன்னாத்துக்கு அழுவுற?"

அவள் சேற்றின்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்தாள். தன் துப்பட்டாவை என் அக்குளுக்கடியில் சுற்றி, என்னைப் பின்னால் சாயச் சொல்லி இழுத்தாள். தண்ணீர் அவள் தாடையைத் தொட்டபோதும் பேச்சை நிறுத்தவில்லை. செருப்புகளை விட்டுவிட்டு என் கால்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

கரையேறியதும் நான் சிரித்துவிட்டேன். அவள்தான் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

"எனக்கு நீச்சலே தெரியாதுடி," என்றாள்.