ஜீப்காரர் வர்ணித்த அருவி

மலைமேல் இருந்த அந்தச் சின்ன ஊரில் ஜீப் என்றால் அவள் புருஷனுடையதுதான். அருவி பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போய், காடு தொடங்கும் இடத்தில் இறக்கிவிடுவார். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதைகள்தான், நடந்துதான் போக வேண்டும். வழியெல்லாம் அவருக்கு வாய் ஓயாது. அருவியைப் பற்றி அவர் அளக்கிற அளப்பில், வாந்தி வருகிறது என்று முனகுகிறவர்கூட நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார்கள். தங்குகிறவர்களுக்குச் சமையல், படுக்கை, வெந்நீர் எல்லாம் அவள் பொறுப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அருவிப் பக்கம் போக அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. சாப்பிடும்போது அவர் சொல்வதைக் கேட்பதோடு சரி. இந்த மனுஷன் மட்டும் தினமும் பார்த்துவிட்டு வருகிறாரே என்று அவளுக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அறைகள் இரண்டும் காலி. அவள் விளக்குமாற்றை மூலையில் சாத்தினாள்.

"ஏங்க, இன்னைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"இன்னைக்கா? பிரேக் கொஞ்சம் சரியில்ல..."

"நேத்து அத்தனை பேரை ஏத்திட்டுப் போனப்ப சரியாத்தானே இருந்துச்சு?"

அவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியில் அவர் வாயையே திறக்கவில்லை. அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

காட்டோரம் இறங்கி, அவரை முன்னால் நடக்கவிட்டாள். முதலில் போன பாதை யாருடைய மாட்டுக்கொட்டகையிலோ போய் முடிந்தது. அடுத்தது சுற்றிச் சுற்றி ஜீப்பிடமே கொண்டுவந்து விட்டது. அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நீங்க அருவியைப் பாத்ததே இல்ல, அப்படித்தானே?"

அவர் தலையைச் சொறிந்தார். "திரும்பி வர்றப்ப எல்லாரும் பேசிக்குவாங்க. அதைக் கேட்டுத்தான் சொல்லுவேன்."

"எனக்காகவா பாக்காம இருந்தீங்க?"

அவள் குரல் இளகியிருந்தது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்பத்தான் அவளுக்கு ஆசை.

"இல்ல," என்றார். "குரங்கு சீட்டைக் கிழிச்சிடும்னு வண்டியிலயே காவல் இருந்தேன். அப்புறம் அங்கயே தூங்கிப் பழகிடுச்சு."

இத்தனை வருஷம் ஒரு தூங்குமூஞ்சியைப் பார்த்தா பொறாமைப்பட்டோம் என்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது, ஆனால் நிற்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கமாக அவளே நடந்தாள். அவர் பின்னாலேயே வந்தார்.

மரங்கள் விலகின. எதிரே அருவி. சாரலில் இருவர் முகமும் நனைந்தது. பழக்கதோஷத்தில் அவர் கையை நீட்டி வாயைத் திறந்தார். நீட்டிய கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாதீங்க," என்றாள். "பாருங்க."