எங்க வூட்ல போன் இல்லியே!

தொண்ணூறுகளின் கடைசியில், கிறிஸ்துமஸ் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்யூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கணவருக்கும் எனக்கும் ஒரே அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, அதன் ஊழியர் குடியிருப்பான அணுபுரத்தில் இருந்தோம். நான் வரைபடப் பிரிவில் இருந்தேன். நாள் முழுக்கக் குழாயும் வால்வும் வரைகிறவளுக்கு நாடகம் எழுதும் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டால், கோபத்தில்தான் பிடித்தது.

எங்கள் குடியிருப்பில் வருடத்துக்கு ஒருமுறை நாடகம் போடுவார்கள். ஆள் மாறிப் போன மாப்பிள்ளை, பொய் சொல்லி லீவு வாங்கும் குமாஸ்தா, அவனுக்கு வாய்த்த மாமியார். நடிகர் வாயைத் திறக்கும் முன்பே முன்வரிசை சிரித்துவிடும். ஒரு வருடம் பொறுக்க முடியாமல், "நாம எல்லாரும் விஞ்ஞானத்துல வேலை பாக்குறோம். மேடையில மட்டும் ஏன் இன்னும் தாத்தா காலத்துக் கதை?" என்று கூட்டத்தில் கேட்டுவிட்டேன். "அப்போ அடுத்த வருஷம் நீங்களே எழுதுங்க மேடம்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எழுதினேன். நெடுஞ்சாலை ஓரம் ஓர் எஸ்.டி.டி. பூத். அங்கே ஒரு மஞ்சள் போன். அதில் எண்ணுக்கு முன்னால் கூடுதலாக ஒரு பூஜ்யத்தை அழுத்தினால், இருபது வருடத்துக்கு முந்திய அதே வீட்டில் மணி அடிக்கும். மூன்று நிமிஷம்தான் பேசலாம். பேசுவது யாரென்று மட்டும் சொல்லக் கூடாது, சொன்னால் லைன் அறுந்துவிடும். அம்மாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டு வந்து, அவள் சாவுக்குக்கூடப் போகாத ஓர் அதிகாரி அந்த போனில் தன் பழைய வீட்டை அழைக்கிறான். அம்மா எடுக்கிறாள். ராங் நம்பர் மாதிரி நடித்துக்கொண்டே, இன்றைக்கு என்ன குழம்பு என்று அவளிடம் கேட்கிறான். அந்த அம்மாவின் குரல் நான்தான். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பேசுவேன்.

குடியிருப்பில் போட்டபோது, 'இதெல்லாம் நாடகமா' என்று முகம் சுளித்தவர்களே கடைசியில் கண்ணைத் துடைத்தார்கள். மறுநாள் கேன்டீனில் ஒரு பெரிய அதிகாரி என்னிடம் வந்து, ஊருக்கு போன் பண்ணி அம்மாவிடம் பேசியதாகச் சொன்னார். ஒரு வாரம் என் கால் தரையில் பாவவில்லை.

பூத்காரராக நடித்தவர் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் லேத் எந்திரம் ஓட்டுகிறவர். செய்யூர் பக்கத்துக்காரர். நான் எழுதிய வசனத்தைத் தன் பேச்சில் மாற்றிப் பேசிவிட்டு, "அர்த்தம் அதேதான் மேடம்" என்பார். அவர்தான் ஒருநாள் வந்து நின்றார். "எங்க ஊரு காலனில ஒரு தபா போடலாம் மேடம். வருசக் கடைசிக்கு அல்லாரும் ஊருக்கு வந்துகினு இருப்பாங்க. சர்ச்சு எதிர்க்கவே எடம் கீது."

சரி என்றேன். ஆனால் மனசுக்குள் ஒரு தயக்கம். காலம், கடந்த காலத்துக்குப் பேசுவது, இதெல்லாம் அங்கே புரியுமா? புரியாமல் சிரித்துவிட்டால்? அதனால் நாடகம் தொடங்கும் முன் வாசிப்பதற்கென்று ஒரு பக்கம் விளக்கவுரை எழுதினேன். லேத்காரர் படித்துவிட்டு, "இது வேணாம் மேடம்" என்றார். நான் கேட்கவில்லை.

மதியம் வேனில் போய் இறங்கினோம். சர்ச்சுக்கு எதிரே சவுக்குக் கம்பு நட்டு ஷாமியானா போட்டிருந்தார்கள். நாலு மணி வெயில். போன் மணி அடிக்கும்போது எரிய வேண்டிய சிவப்பு பல்பு எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இருநூறு பேருக்குமேல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் சென்னையிலும் செங்கல்பட்டிலும் வேலை பார்க்கிறவர்கள், பண்டிகைக்கு வந்தவர்கள். நான் தாளை எடுத்து, "காலம் என்பது ஓர் ஆறு..." என்று மைக்கில் ஆரம்பித்தேன். இரண்டு வரி போயிருக்கும். முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவராம், அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார்: "போன்ல பழைய காலத்துக்குப் பேசலாம். அவ்ளோதானே? புரிஞ்சிடிச்சிம்மா, ஆரம்பி."

கூட்டம் சிரித்தது. நான் தாளை மடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன்.

நாடகம் நன்றாகவே போனது. எங்கள் குடியிருப்பில் யாரும் சிரிக்காத இடங்களில் இங்கே சிரிப்பு வந்தது. பூத்காரர் அதிகாரியை 'சார் சார்' என்று குழைந்து, அவர் திரும்பியதும் ஒரு பார்வை பார்ப்பார். அதற்கு விசில். பிறகு முக்கியக் காட்சி. அதிகாரி மஞ்சள் போனை எடுத்தார். பூஜ்யத்தை அழுத்தினார். மணி அடித்தது. நான் 'ஹலோ' சொல்ல மூச்சை இழுத்தேன்.

"ஒரு நிமிசம் இருப்பா" என்றது அதே குரல்.

திரை ஓட்டை வழியாகப் பார்த்தேன். அந்தச் சத்துணவு அம்மா எழுந்து நின்றிருந்தார். "இருவது வருசத்துக்கு முன்னால இவரு வூட்ல போன் இருந்திச்சா?"

அதிகாரி வேஷக்காரர் ரிசீவரும் கையுமாகப் பூத்காரரைத் திரும்பிப் பார்த்தார். பூத்காரர் வேஷத்தைவிட்டு இறங்காமல் பதில் சொன்னார். "சாரு பெரிய எடம் அக்கா. இருந்திச்சு."

"எங்க வூட்ல போன் இல்லியே! நாங்க யாருக்குப் பண்றது?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. இருபது தடவை ஒத்திகை பார்த்த நாடகம். எத்தனையோ படித்தவர்கள் பார்த்துப் பாராட்டிய நாடகம். இந்தக் கேள்வி எனக்கோ வேறு யாருக்கோ ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

பூத்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அதிகாரியிடம், "சார், நீங்க அப்பிடி குந்துங்க" என்று ஸ்டூலைக் காட்டிவிட்டு, "உனுக்கு யார்கிட்ட பேசணும் அக்கா? வா, ட்ரை பண்ணிப் பாக்கலாம்" என்றார்.

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறினார். "எங்கம்மாகிட்ட. அப்ப ஊர்ல ஒரே போன்தான், பெரிய வூட்ல. அதுக்குப் போடு."

போன் மணி அடித்தது. மைக் என் கையில் இருந்தது. எடுக்க வேண்டியது நான்.

"யாரு?" என்றேன்.

"காலனிப் பொண்ணு பேசறேம்மா. எங்கம்மா உங்க கழனில நாத்து நட்டுக்கினு கீது. ஒரு ரெண்டு வார்த்த பேசணும். கொஞ்சம் கூப்புடறீங்களா?"

"வேலை நேரத்துல யாரையும் கூப்பிட முடியாது. ஞாயித்துக்கிழமை பண்ணு."

யோசித்துச் சொன்ன வசனம் இல்லை அது. என் வாயில் தானாக வந்தது. எங்கிருந்து வந்தது என்பது அடுத்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வீட்டில் போன் இருந்தது. எங்கள் வயலில் வேலை பார்த்தவரின் மகன் பட்டாளத்தில் இருந்தான். ஒருநாள் அங்கிருந்து அவன் கூப்பிட்டபோது எடுத்தவள் நான். பன்னிரண்டு வயதிருக்கும். அப்பாவைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா என்று கேட்டான். வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்த வாசகத்தை அப்படியே சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இதே வாசகம்தான். அவனுடைய அப்பா அப்போது எங்கள் கொல்லையில்தான் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

வெளியே முணுமுணுப்பு எழுந்தது. "அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்று யாரோ சொன்னார்கள். அந்த அம்மா விடவில்லை. "ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்காதும்மா. மூணு நிமிசந்தான் குடுக்கறாங்க. கூப்புடுங்க."

"ரெண்டு நிமிசம் ஆயிடிச்சி" என்றார் பூத்காரர்.

கூட்டத்தில் ஒருவர் "கூப்புடு!" என்று கத்தினார். உடனே பத்துப் பேர், பிறகு எல்லோரும். "கூப்புடு! கூப்புடு!" ஷாமியானாவே அதிர்ந்தது. "இரு... கூப்பிடுறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, கூப்பிட அங்கே அம்மா வேஷத்துக்கு ஆள் இல்லை. அந்தப் பெண்ணின் அம்மாவாக நான் எப்படிப் பேசுவது? எந்த உரிமையில் பேசுவது?

அப்போது பெண்கள் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னாடி? நட்டுக்கினு கீறேன். சீக்கிரம் சொல்லு." பேசியவர் சத்துணவு அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரராம், ஏறக்குறைய அதே வயது. அந்தத் தாயோடு சேர்ந்து நடவு நட்டவராம். உட்கார்ந்த இடத்திலேயே குனிந்து, ஒரு கையைக் காதில் வைத்திருந்தார்.

மேடையில் ரிசீவரோடு நின்ற சத்துணவு அம்மா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "யம்மா, நாந்தான்" என்றார்.

"அக்கா, யாருன்னு சொல்லக் கூடாது. அதான் ரூலு" என்று பூத்காரர் மெதுவாக நினைவூட்டினார்.

"எங்கம்மாவுக்கு என் கொரலு தெரியாதா? போடா!" என்றுவிட்டு அவர் போனில் பேச ஆரம்பித்தார். "யம்மா, வூட்டுக்குத் தளம் போட்டாச்சு. மழ பேஞ்சா ஒழுகற எடத்துல ஏனம் வெக்க வேணாம். உம் பேத்தி நர்சுக்குப் படிக்குது. வெள்ள டிரஸ்ஸு போட்டுக்கினு போவுது, பாக்கணும் நீ. நான் இஸ்கூல்ல வேல செய்யறேன். கவருமெண்ட்டு வேல. யாரும் என்ன 'வாடி போடி'ன்னு கூப்புடறதில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "இடுப்பு நோவுதாம்மா? நிமிந்து நில்லு கொஞ்ச நேரம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நான் சொல்றேன், நிமிந்து நில்லு."

கூட்டத்தின் நடுவில் குனிந்திருந்தவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார். மெல்ல நிமிர்ந்து நின்றார். பூத்காரருக்கு மூன்று நிமிஷம் முடிந்ததாகச் சொல்ல மனம் வரவில்லை, அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவே ரிசீவரை வைத்துவிட்டு, ஸ்டூலில் இருந்த அதிகாரியிடம், "நீ பேசு நைனா. உங்கம்மாவும் காத்துக்கினு இருக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மீதி நாடகத்தை முடித்தோம். மரியாதையாக உட்கார்ந்து பார்த்தார்கள். கைதட்டினார்கள். அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

முடிந்ததும் டீயும் வடையும் கொடுத்தார்கள். அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். "பெரிய வூட்டம்மாவா பேசினது நீதானா? அப்பிடியே பேசின போ. எங்கம்மா உசுரோட இருந்தா உன்னப் பாத்து பயந்திருக்கும்." வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அந்த அளவுக்குச் சுட்டது வேறெதுவும் இல்லை. பட்டாளத்துப் பையன் விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். அதுவரை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. முழுவதையும் கேட்டார். 'சின்னப் பொண்ணுதானே' என்று ஆறுதல் சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"அப்பால அவுங்க அப்பாகிட்டயாவது சொன்னியா?"

"இல்லை."

"சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். பிறகு இன்னொரு வடையை என் கையில் வைத்து, "சாப்புடு, மூஞ்சி வாடிக் கெடக்குது" என்றார்.

அந்தக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது விசாரித்தேன். அந்த அப்பா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மகன் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடை வைத்திருந்தார். போய்ச் சொன்னேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கேட்டார். "அது நீங்கதானாம்மா?" என்றார். "மூணு மணி நேரம் காத்துக் கெடந்து போட்ட போன்காலு அது." நான் தலை குனிந்து நின்றேன். அவர் டியூபை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "எங்கய்யாவுக்கு அப்புறம் லெட்டர்ல எல்லாம் எழுதிட்டேன். உக்காருங்க, காப்பி சொல்லுதேன்" என்றார். உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன்.

நாடகத்தைத் திருத்தி எழுதினேன். பெரிய வீடும் காத்திருப்பும் அதில் வந்தன. குரல் தெரிந்துகொள்ளும் அம்மாவும் வந்தாள். செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டபோது சத்துணவு அம்மாவே பஸ் பிடித்து வந்து நடித்தார். எழுதிய வசனத்தை ஒருநாளும் அப்படியே பேசியதில்லை. எங்கள் குடியிருப்பில் சிலருக்கு இந்தப் புது வடிவம் பிடிக்கவில்லை. முன்பு இருந்ததுதான் மனசைத் தொட்டது என்றார்கள். நான் வாதாடவில்லை.

இப்போது இளைஞர்கள் எத்தனையோ போடுகிறார்கள். போன வருடம் மாமல்லபுரத்தில் ஒரு நாடகம் பார்த்தேன். ரேஷன் கடையில் மனிதர்களின் கனவை அளந்து கொடுக்கும் எந்திரம் ஒன்று. பக்கத்தில் இருந்தவர், "நடக்கிற கதையா இது?" என்று சலித்துக்கொண்டார். நடக்காத கதையில்தான் நடந்ததைச் சொல்ல இடம் கிடைக்கிறது என்று அவருக்குச் சொல்ல நினைத்தேன். யாராவது எழுந்து குறுக்கே கேள்வி கேட்கமாட்டார்களா என்று கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் திருத்திய ஒரே விமர்சகர் அன்று தரையில் உட்கார்ந்திருந்தார், அதனால் எந்தப் புது நாடகத்துக்குப் போனாலும் நான் மேடையைப் பாதி நேரமும் பார்ப்பவர்களைப் பாதி நேரமும் பார்க்கிறேன்.