வெளியார் உதவி

அருகதாஸ் இறந்த செய்தியை எழுதி எடுத்தவனே நான்தான். வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து, முசரவாக்கத்தில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கு வந்த தந்தி அது. காஞ்சிபுரம் தந்தி ஆபீசில் அன்று காலை கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கை நடுங்கியது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். நடுங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் நம் அமெச்சூர் வானொலி நண்பர்கள் ஒருவர் விடாமல் அவருடைய காதைப் புகழ்ந்தீர்கள். இரைச்சலுக்கு அடியில் கிடக்கும் மோர்ஸ் ஒலியைக்கூடப் பிரித்தெடுக்கும் காதாம். என்னைப் பேசச் சொன்னபோது மறுத்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்: அந்தக் காது அவருடையது அல்ல.

அவருக்கு வாலாஜாபாத்தில் அரிசி ஆலை, செவிலிமேட்டில் வீடு, அதன் மாடியில் வானொலி அறை. பேச்சு இனிக்கும். "காத்துல வர்றது காது இருக்கிறவனுக்குத்தாம்பா சொந்தம்" என்பார். அதிக நிலையங்களோடு மோர்ஸில் தொடர்பு கொண்டவருக்குச் சங்கம் கோப்பை கொடுக்கும் வருடாந்தரப் போட்டி ஒவ்வொன்றும் முடிந்ததும் இதை என் முகத்துக்கு நேராகச் சொல்வார். ஏனென்றால் ஒவ்வொரு முறையும் இரண்டாவதாக வந்தவன் நான். நாள் முழுவதும் தந்தி அடித்துப் பிழைக்கிறவன், ஓர் ஆலைக்காரரிடம் நான்கு வருடம் தோற்றேன்.

விதி உங்களுக்குத் தெரியும். தனி ஆள் பிரிவில் சேர்ந்தால் எல்லாவற்றையும் அந்த ஒரு ஆளே செய்யவேண்டும். நிலையங்களைத் தேடுவதும் கேட்பதும் பதில் அடிப்பதும் அவரே. இன்ன இடத்தில் இன்னார் கூப்பிடுகிறார் என்று இன்னொருவர் காட்டிக்கொடுத்தால் அது வெளியார் உதவி.

ஐந்தாவது வருடம், போட்டி நடுவே, பட்டப்பகலில் என் செட்டில் ஒரு வால்வு போய்விட்டது. கடன் கேட்கலாம் என்று செவிலிமேட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். மாடிக் கதவு திறந்திருந்தது. அருகதாஸ் மோர்ஸ் சாவியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், இன்னொரு ரிசீவரின் முன்னால், காதில் ஹெட்போனோடு அவர் மனைவி பத்மாவதி அம்மாள். கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் திருகினார். ஒரு துண்டுத் தாளில் எதையோ எழுதிக் கணவர் பக்கம் தள்ளினார். அவர் அதைப் பார்த்து அடித்தார். அதற்குள் அடுத்த தாள் தயார்.

என்னைக் கண்டதும் அருகதாஸ் சிரித்தார். "இன்னாபா, வால்வா? எடுத்துக்கினு போ. இவ சும்மா பாட்டு கேட்டுக்கினு இருக்கா."

கேட்டதும் கொடுத்தார், அதையும் சொல்லிவிடவேண்டும். அந்த வால்வைப் போட்டுப் போட்டியை முடித்துவிட்டு, மறுநாளே சங்கத்துக்குப் புகார் எழுதினேன்.

மதராஸிலிருந்து சங்கத்தார் இருவர் விசாரிக்க வந்தார்கள். என்னையும் அந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். "என் வீட்டுப் பொம்பளைக்கு மோர்ஸா? அவளையே கேளுங்க" என்றார் அருகதாஸ். அந்த அம்மாளின் தகப்பனார் வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் தந்தி அடிக்கும் சிக்னலராக இருந்தவர், குழந்தையிலிருந்தே அந்தச் சத்தத்தில் வளர்ந்தவர் இவர் என்பதை நான் பிற்பாடுதான் அறிந்தேன். அன்று அந்த அம்மாள் மோர் டம்ளர்களை ஏந்திய தட்டோடு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு அந்தத் தட்டல் எல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க."

அருகதாஸ் தலையை ஆட்டினார், பாடம் சரியாக ஒப்பிக்கப்பட்டதைக் கேட்ட வாத்தியார் மாதிரி. அந்தத் தலையாட்டலை இன்றைக்கும் வெறுக்கிறேன்.

கோப்பை அவருக்கே போனது. பொறாமைக்காரன் என்ற பெயர் எனக்கு வந்தது. உங்களில் சிலர் அதற்குப் பிறகு என் அழைப்புக்குப் பதில்கூட அடிக்கவில்லை.

காரியம் முடிந்த இரண்டாம் நாள் செவிலிமேட்டுக்குப் போனேன். துக்கம் விசாரிக்கப் போனதாகச் சொல்லமாட்டேன். அந்த அம்மாளின் முகம் அழுது வீங்கியிருந்தது. இருந்தும் கேட்டேன்: "இப்பவாவது சொல்லுங்கம்மா. கேட்டது நீங்கதானே?"

"நான்தான்" என்றார். "பொய் சொன்னது என் தப்பு. ஆனா நீங்க இன்னா எழுதினீங்க? அந்தக் கடுதாசிய வந்தவங்க அவராண்ட குடுத்தாங்க, நானும் படிச்சேன். வெளியார் உதவின்னு போட்டிருந்தீங்க. கேட்டதெல்லாம் நானு, புடிச்சதெல்லாம் நானு. நான் வெளியாளா? என் பேர ஒரு வரியில எழுதினீங்களா?"

எழுதவில்லை. நியாயம் நியாயம் என்று நான்கு பக்கம் எழுதியவன், ‘வீட்டிலிருக்கும் ஒருவர்’ என்றேனே தவிர அவர் பெயரை எழுதவில்லை. வென்றது அந்த அம்மாள் என்று எழுதினால் நான் இத்தனை வருடம் தோற்றது ஒரு பெண்ணிடம் என்றாகிவிடும். அதற்குக் கை வரவில்லை.

அவரே கேட்டார். "லைசென்ஸுக்குப் பரீட்சை இருக்குதாமே. எவ்ளோ வேகமா அடிப்பாங்க?"

"நிமிஷத்துக்குப் பன்னிரண்டு வார்த்தை."

"அவ்ளோதானா? தூங்கிடுவேனே."

விண்ணப்பத் தாளை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் வானலைக்கு வரும்போது பதில் அடிப்பதும் அடிக்காததும் உங்கள் இஷ்டம்.

செத்துப்போனார் என்பதற்காக அருகதாஸை நான் மன்னிக்கப் போவதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒன்றுதான். அவர் மறைத்த பெயரை நானும் மறைத்தேன் என்கிற வெட்கம். அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.