பழைய படத்துக்குச் சிரித்தவன்

முப்பத்தொரு வருஷம் எடைமேடையில் உட்கார்ந்த மனுஷன் முகத்தில் சிரிப்பு எங்கிருந்து வரும்? லாரி மேடையில் ஏறி நிற்கும், இவர் எண்ணைப் பார்த்து எழுதுவார். காலி வண்டிக்கு ஓர் எடை, சரக்கோடு ஓர் எடை. காலி எடையைக் கூட்டிக் காட்டக் கிளீனரை சீட்டுக்குப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு வருகிற டிரைவர்கள் உண்டு. இவர் ஜன்னலுக்கு வெளியே தலையைக்கூட நீட்டாமல், "அவன எறங்கி நிக்கச் சொல்லு" என்பார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று டிரைவர் மண்டையைப் பிய்த்துக்கொள்வான். இப்படிப்பட்ட கறார்ப் பேர்வழி வீட்டுக்குப் போனால் காமெடிப் படம் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டார் என்றால் அவர்களில் ஒருவனும் நம்பியிருக்க மாட்டான்.

பார்ப்பதும் சிரித்துக்கொண்டு பார்ப்பதில்லை. "பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி காமெடி பாக்கற ஒரே ஆள் நீங்கதான்" என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வாள். அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. படத்தில் மாட்டிக்கொண்டவன் உண்மையிலேயே பதற வேண்டும். தான் சிரிக்க வைக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் காரியம் கெட்டது. கேமரா கொஞ்சம் தள்ளி நின்று பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். கறுப்பு வெள்ளைக் காலத்தில் அந்தப் பொறுமை இருந்தது என்பது அவர் கட்சி. இப்போது ஐந்து பேர் வரிசையாக நின்று மாறி மாறிக் கத்துகிறார்கள், நடுவில் டொய்ங் என்று ஒரு சத்தம் போட்டு இந்த இடத்தில் சிரி என்று உத்தரவு போடுகிறார்கள், இதற்குப் பெயர் காமெடியா என்று சண்டைக்கு வருவார்.

ஐம்பத்திரண்டு வயதில் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. ரத்த அழுத்தத்துக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தலைவலி மாத்திரை என்று நினைத்து, தலை வலித்த நாளில் மட்டும் போட்டுக்கொண்டு வந்ததன் பலன். ஊரான் வண்டியில் ஒரு கிலோ மிகுந்தாலும் விடாதவர், தன் உடம்பு விஷயத்தில் இப்படிக் கோட்டை விட்டார். அதிலிருந்து திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழிலிருந்து பதினொன்று வரை டயாலிசிஸ்.

எதிரெதிராக இரண்டு வரிசையில் எட்டுப் படுக்கை, எட்டு மெஷின், சுவரில் ஒரு டிவி. அவருக்கு மூன்றாம் நம்பர். கையில் இரண்டு ஊசி குத்துவார்கள். ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும், இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். திரும்பி வருகிற ஊசி நழுவினால் மெஷினுக்கு அது எப்போதும் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. அது பாட்டுக்கு இறைத்துக்கொண்டிருக்கும். அதனால் ஊசி குத்திய கை எப்போதும் போர்வைக்கு வெளியே தெரிய வேண்டும் என்பது வார்டின் சட்டம். நோயாளிகள் தங்களுக்குள் இன்னொன்றையும் வைத்திருந்தார்கள். கண் அசந்தால் தன் கையைத் தானே பார்க்க முடியாதல்லவா, ஆகவே ஒவ்வொருவரும் பக்கத்துப் படுக்கைக்காரரின் கையைப் பார்த்துக்கொள்வது. நாலாம் படுக்கையின் கை இவர் பொறுப்பு.

சுவரோரத்து நாலாம் படுக்கையில் கார்களுக்கு வர்ணம் அடிக்கிற பெயின்டர். முப்பத்தெட்டு வயது. மனைவி தையல் ஆலையில் வேலை பார்த்தாள், ஒரே மகள் நாலாம் வகுப்பு. வாய் ஓயாது. புதுப் படம் என்றால் உயிர். சிரிப்பு வந்தால் முதலில் சத்தம் வராது, உடம்பு குலுங்கும். கட்டிலின் சக்கரம் ஒன்று ஆட்டம் கண்டிருந்ததால் கடகடவென்று கட்டிலும் சேர்ந்து ஆடும். இழுத்துப் பிடித்த மூச்சு வெடித்துச் சத்தமாக வெளியே வருவதற்குள் பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள்.

இவர்கள் சண்டை தாங்காமல் சிஸ்டர் ஒரு பஞ்சாயத்துப் பண்ணி வைத்தார். திங்கட்கிழமை பழைய படம், புதன்கிழமை புதுப் படம், வெள்ளிக்கிழமை ஊசி இல்லாத கையைத் தூக்கி ஓட்டு.

"அண்ணே, உங்க பழைய படத்துல திக்குவாயன் பேசினா சிரிப்பு, காது கேக்காதவன் வந்தா சிரிப்பு, முதலாளி வேலைக்காரன அறைஞ்சா சிரிப்பு" என்றான் பெயின்டர் ஒரு நாள். "நான் பன்னெண்டு வயசுலேருந்து கேரேஜ்ல அறை வாங்கினவன். அதுல எனக்குச் சிரிக்க என்ன இருக்கு?"

எடைமேடைக்காரர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். "அது மட்டுந்தானா பழைய படம்?" என்று முனகினார்.

"சரி, உங்க புதுப் படத்துல மட்டும் என்ன வாழுது? குண்டா இருக்கறவன், சொட்டையா இருக்கறவன், கறுப்பா இருக்கறவன், இவங்கள ஏசறதுதானே?" என்று அவரே மறுபடி கேட்டார்.

"அதுவும் குப்பதான், யாரு இல்லேன்னா. ஆனா புதுசுல போலீசையும் டாக்டரையும் கிண்டல் பண்றான், சாவையே கிண்டல் பண்றான். அதுக்கு ஒரு தில்லு வேணும்ணே."

அவனுக்கு ரொம்பப் பிடித்தது, ஒரு குடும்பம் பிணத்தை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு மாடி மாடியாக அலைகிற படம். மூன்று வெள்ளிக்கிழமை ஓட்டு வாங்கி ஜெயித்தது அது. "சாவுல என்னப்பா சிரிப்பு?" என்று இவர் முகத்தைச் சுளித்தார். "நாம சிரிக்காம வேற யாருண்ணே சிரிப்பாங்க? நம்ம கேஸ் இல்லியா அது?" என்றான். வார்டே சிரித்தது. இவருக்கு எரிச்சலாக வந்தது, அதோடு அவன்மேல் பிரியமும் வந்தது, இரண்டையும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷத்தில் ஒரு பழைய படத்துக்குக்கூட அவன் சிரிக்கவில்லை. ஒரே ஒரு தடவை உதடு கோணியது. இவர் திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிவிட்டான். இவருக்கு அது மானப் பிரச்சினையாகிப் போனது. அவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கட்டில் ஆட ஒரு பழைய படத்துக்குச் சிரித்துவிட்டால் போதும் என்று இருந்தார். வீட்டில் சாப்பிடும்போதுகூட அடுத்த திங்களுக்கு எதைப் போடுவது என்றுதான் யோசனை. வியாதியைப் பற்றி யோசிக்காமல் இருக்க அது ஒரு வழி என்று அவர் மனைவி கண்டும் காணாமல் விட்டுவிட்டாள்.

மூன்று வாரம் தேடி, தனக்கு மனப்பாடமான ஒரு படத்தைப் பிடித்தார். அந்தத் திங்கட்கிழமை பென் டிரைவை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, "இதுல யாரும் யாரையும் அறையறதில்ல. ஒரு அறை விழுந்தாலும் நான் இனிமே பழைய படம்னு வாயத் தெறக்க மாட்டேன்" என்றார்.

"பாக்கலாம்" என்றான் பெயின்டர்.

படத்தில் ஒரு குமாஸ்தா. மேனேஜரின் மூக்குக் கண்ணாடியைத் தெரியாமல் உடைத்துவிடுகிறான். கண்ணாடி இல்லாத மேனேஜர், வருகிற கடிதத்தையெல்லாம் அவனையே படிக்கச் சொல்கிறார். கடைசியாக அவன் கைக்கு வருவது அவனுடைய வேலை நீக்க உத்தரவு. அதைப் பதவி உயர்வு உத்தரவாக மாற்றிப் படித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். நெற்றி வேர்க்க, கைகால் நடுங்க, ஒவ்வொரு வரியாக அவன் புளுகுகிற அந்தக் காட்சிக்காகத்தான் எடைமேடைக்காரர் முழுப் படத்தையும் கொண்டுவந்தார்.

காட்சி தொடங்கப் போகிற நேரம். பெயின்டர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான், ஊசிக் கையும் உள்ளே போய்விட்டது.

"கைய வெளிய போடு."

"குளுருதுண்ணே. ரெண்டு நிமிஷம்."

வேறு நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டார். சிஸ்டரைக் கூப்பிட்டு ரகளை பண்ணியிருப்பார். அன்றைக்கு மேனேஜர் கடிதத்தை நீட்டிவிட்டார், வசனம் ஆரம்பமாகிவிட்டது, வாக்குவாதம் பண்ணினால் காட்சி கெட்டுவிடும். சிஸ்டரோ எட்டாம் படுக்கை மெஷினில் ஏதோ அடைப்பு என்று அந்தக் கோடியில் குனிந்திருந்தார். ரிமோட் வைத்திருந்த ஐந்தாம் படுக்கைக்காரரிடம் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார் இவர்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கட்டில் ஆடியது.

முதலில் லேசாக. அப்புறம் கடகடவென்று. எடைமேடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். மாட்டினான் பயல். திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் ரோஷக்காரன் அடக்கிக்கொள்வான், மறுபடி இருமுவான். கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல் படுத்திருந்தார். கட்டில் ஆட ஆட அவருக்கும் சிரிப்புப் பொங்கி வந்தது. வார்டில் யாரும் கேட்டிராத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஐந்தாம் படுக்கைக்காரர், "பாருய்யா, எடைமேடையே சிரிக்குது" என்றார்.

மேனேஜர் கையெழுத்துப் போட்டார். காட்சி முடிந்தது. கட்டிலும் ஆடுவதை நிறுத்தியிருந்தது.

"என்ன தம்பி, இப்ப என்ன சொல்ற?" என்று திரும்பினார்.

அவன் முகம் மறுபக்கம் சாய்ந்திருந்தது. போர்வை கருஞ்சிவப்பு நிறம், அதில் எதுவும் தெரியவில்லை. மெத்தை குடித்தது போக மிச்சம் ரப்பர் ஷீட்டில் வழிந்து, கட்டிலின் சுவர்ப் பக்கத்துக் காலடியில் தேங்கியிருந்தது. மெஷின் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தது.

சிஸ்டர் ஓடி வந்தார், டாக்டர்கள் ஓடி வந்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. எடைமேடைக்காரர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "சிரிச்சிக்கிட்டுத்தானே சிஸ்டர் இருந்தான். நல்லா சிரிச்சிக்கிட்டு இருந்தானே." பெயின்டரின் மனைவி வந்தபோது, அழுதுகொண்டிருந்த சிஸ்டருக்குச் சொல்ல வேறு ஆறுதல் இல்லை. கடைசி நேரம் வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தார் என்று அதையே சொன்னார்.

புதன்கிழமை இவர் போய்த்தான் ஆக வேண்டும். துக்கம் என்பதற்காக டயாலிசிஸைத் தள்ளிப் போட முடியாது. நாலாம் நம்பரில் புது மெத்தை போட்டிருந்தார்கள். டிவியை யாரும் போடச் சொல்லவில்லை. "சிரிச்சிக்கிட்டே போயிட்டான், கொடுத்து வச்சவன். நமக்கெல்லாம் அப்படி வாய்க்குமா?" என்றார் ஐந்தாம் படுக்கைக்காரர். எல்லாரும் தலையாட்டினார்கள். இவரும் ஆட்டினார். அந்தப் பேச்சு அவர் வாயிலிருந்து கிளம்பியதுதான், ஆனால் நாலாம் நம்பர் பக்கம் அவர் திரும்பவில்லை.

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். கை போர்வைக்குள் இருந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். "கவனிக்கல" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதாத மனுஷன். சிஸ்டரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அன்று வீட்டில் மனைவி என்ன நடந்தது என்று கேட்டபோது எரிந்து விழுந்தார்.

மூன்று வாரம் கழித்துப் பெயின்டரின் மனைவி வந்தாள். ஊசியைக் கழற்றினால் அந்த இடத்தில் பஞ்சை வைத்துப் பத்து நிமிஷமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். வராந்தா பெஞ்சில் அப்படிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவும் வழியில்லை.

"நீங்கதானே எடைமேடை அண்ணன்? வீட்ல எப்பவும் உங்க பேச்சுதான். திங்கக்கிழமை வந்தா, இன்னிக்கு அண்ணன் என்ன போட்டாருன்னு நானே கேப்பேன்." பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் படத்தத் தேடிப் பாத்தோம்ணே, நானும் பொண்ணும். பொண்ணு நல்லா சிரிச்சா. அப்பா எந்த எடத்துல சிரிச்சாருன்னு கேட்டுட்டே இருக்கா."

"அந்த... கடுதாசி படிக்கிற எடம்மா" என்றார்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"பன்னெண்டு வருஷம் அவரு பக்கத்துல உக்காந்து படம் பாத்திருக்கேன்ணே. மேல இருக்கறவன் முன்னாடி ஒருத்தன் கை கட்டி நடுங்கிட்டு நின்னா, அவரு டிவிய அணைச்சிட்டு எழுந்து போயிருவாரு. அதுல போயி சிரிச்சிருக்க மாட்டாரு. எல்லாரும் சிரிச்சாரு சிரிச்சாருங்கறாங்க. நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க."

எடைமேடைக்காரர் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். ஆமாம்மா, சிரிச்சான் என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். அவளே நம்பத் தயாராக இல்லாத பொய்யை அவள் மகளுக்காகவாவது சொல்லலாம். அவரால் முடியவில்லை.

"சிரிக்கலம்மா. ரத்தம் போயி ஒடம்பு தூக்கிப் போட்டதுல கட்டில் ஆடிச்சு. சிரிக்கறான்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா நிறுத்திருவான்னு பாக்காம இருந்தேன்." பஞ்சை மாற்றிப் பிடித்தார். "கை உள்ள இருந்தது எனக்குத் தெரியும். விசாரணைல கவனிக்கலேன்னு சொல்லிட்டேன். சிஸ்டர் மேல தப்பில்ல, அவங்ககிட்டயும் போயிச் சொல்றேன்."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது. முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"எவ்ளோ நேரம்ணே ஆடிச்சு?"

தெரியாது என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை. எத்தனையோ தடவை பார்த்த காட்சி, கட்டில் எந்த வசனத்தில் ஆடத் தொடங்கியது, எதில் நின்றது என்று மனசில் அப்படியே இருந்தது.

"ஏழு நிமிஷம்மா."