எதிர்க்கரையில் சிரிப்பு

என் அக்காவுக்குப் பாம்புக் காது. பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று இங்கே உட்கார்ந்தே சொல்வாள். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் பதினோரு வருடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குப்பை கொட்டியவள். அழைத்தவர் பேசாவிட்டாலும் மூச்சை வைத்தே வண்டி அனுப்பிவிடுவாள் என்று அங்கே பெயர்.

அந்தக் காதுதான் ஒரு மத்தியானம் அவள் காலை வாரிவிட்டது. ஒருவர் அழைத்தார். பேசவில்லை, விட்டுவிட்டுச் சிரித்தார். அன்று காலையிலிருந்தே சிரித்துவிட்டு வைக்கிற அழைப்புகள் ஆறேழு வந்திருந்தன. அக்கா "விளையாட்டு அழைப்பு" என்று குறித்துத் துண்டித்துவிட்டாள். அது சிரிப்பே இல்லை. தனியாக வசித்த ஒரு தச்சர், மூச்சு முட்டிப் பேச்சு வராமல் தவித்த சத்தம். மறுநாள்தான் அவர் வீட்டுக் கதவை உடைத்தார்கள்; உயிர் போயிருந்தது.

விசாரணையில் அவள்மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டிவியில் யாராவது சிரித்தால் எழுந்து போய் அணைத்துவிடுவாள். மூன்று மாதம் விடுப்பு கிடைத்தது.

"தினமும் காலையில மரம், தண்ணி இருக்கிற இடமாப் போய் உக்காருங்க. பாக்கிறதை, கேக்கிறதை நோட்டுல எழுதுங்க. மனசு அடங்கும்" என்றார் மனநல டாக்டர். விடுப்பு முடிந்து அந்த நாற்காலிக்குத் திரும்புவாளா என்பதுதான் வீட்டில் எல்லாருக்கும் கவலை.

ஏரிக்கரைக்கு நானும் கூடப் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் காவலுக்கு. தண்ணீர் பக்கத்தில் அவளைத் தனியே விட எனக்குப் பயம். ஒருநாள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். "6.42. நீர்க்கோழி. இரண்டு முறை. பிறகு இல்லை." "6.50. தவளை. நின்றுவிட்டது. ஏன்?" பக்கம் பக்கமாக இதே கதைதான்.

"இதுல ஏரி எங்கக்கா?" என்று கிண்டலடித்தேன்.

"எனக்கு நின்னுபோற சத்தம்தான்டி கேக்குது" என்றாள்.

விடுப்பு முடிய நான்கு நாள் இருந்தபோது எதிர்க்கரையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. விட்டுவிட்டு வந்தது. அக்கா நோட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை. நானும் நாக்குத் தள்ளப் பின்னால் ஓடினேன். அங்கே காலை நடைக்கு வந்த ஐந்து பெரியவர்கள் வட்டமாக நின்று கையைத் தூக்கிச் சிரிப்புப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அக்கா ஒவ்வொருவர் முகத்துக்கும் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"ஐயா, மூச்சு சரியா வருதா?"

"ஜோரா வருதும்மா. நீங்களும் வந்து சிரிங்களேன்" என்றார் ஒருவர். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாளில் அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். பிறகு இந்தக் கரைக்கு வந்து நோட்டை எடுத்து எழுதினாள்: "6.58. சிரிப்பு. போய்ப் பார்த்தேன். சிரிப்புதான்."

அதைப் படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. இனி தேறிவிடுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப திங்கக்கிழமை வேலைக்குப் போயிடலாம்லக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவள் நோட்டை மூடினாள்.

"அந்த சீட்டுல இருந்து எந்திரிச்சுப் போய்ப் பாக்க முடியாதுடி" என்றாள்.